புது சிப்பில் ஏறாத மயில்

கடையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். முப்பது வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவள், போன சித்திரையோடு கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், எழுத நேரம் நிறைய இருக்கிறது. ஆனால் மதர்போர்டை எப்படிக் கழற்றுவது, விண்டோஸை எப்படி ஏற்றுவது என்றெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அதையெல்லாம் உங்கள் போனே சொல்லித் தருகிறது, அதுவும் என்னைவிடப் பொறுமையாக. எனக்குப் பொறுமை கிடையாது என்பதை இந்நேரம் யாராவது உங்களிடம் போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். கடைசியில் ஜெயித்துத்தான் முடிந்தது, அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன். தோற்றுப்போன கதைகளும் இருக்கின்றன. அதற்கெல்லாம் நீங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே கேட்க வேண்டும், எழுதித் தர மாட்டேன்.

ஆரம்ப காலத்தில் கடைக்குள் நுழைகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "சார் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். "சார்லாம் இல்ல, நான்தான்" என்பேன். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்த பிறகும் சிலர் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், சார் டீ குடிக்கப் போயிருப்பார் என்ற நம்பிக்கையில். அப்படி ஆரம்பித்தவள், திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு வரைக்கும் "மேடத்தக் கேட்டுட்டு வாங்கு" என்று சொல்கிற அளவுக்கு வந்தேன். அந்தப் பெயர்தான் என்னைக் கவிழ்த்தது. கேட்டவுடன் பதில் சொல்ல வேண்டும், யோசித்தால் மரியாதை குறைந்துபோகும் என்று எனக்குள் ஒரு திமிர் ஏறிவிட்டது.

கிரிஜாவை உங்களில் சிலர் கடையில் பார்த்திருக்கலாம். மணவூர்ப் பெண், பொதட்டூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். மாமனார் வீட்டில் ஆறு விசைத்தறி, ஆறுக்கும் மேலே கம்ப்யூட்டர் ஜக்கார்டு. சேலைக் கரையில் பூவோ யானையோ வர வேண்டுமென்றால் எந்த நூல் எப்போது மேலே ஏற வேண்டும் என்று தறிக்குச் சொல்கிற பெட்டி அதுதான். முன்பெல்லாம் அட்டையில் ஓட்டை போட்டு, அந்தக் கார்டுகளை வரிசையாகக் கோத்து மாட்டுவார்கள். இப்போது டிசைனைக் கம்ப்யூட்டரில் போட்டு, பென் டிரைவில் எடுத்துப் போய்த் தறியில் செருகினால் போதும். அந்த வீட்டில் டிசைன் போடுவது கிரிஜா.

அவளிடம் இருந்தது ஒரு பழைய மேக் கம்ப்யூட்டர். சென்னையில் ஒரு ஸ்டூடியோக்காரர் கழித்ததை நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன். படம் வரைய அவளுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் வரைந்த படத்தைத் தறிக்கு ஏற்றபடி கட்டம் கட்டமாக மாற்றுகிற புரோகிராம் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதனால் ஒரே மெஷினில் இரண்டு சிஸ்டத்தையும் ஏற்றிக் கொடுத்தேன். ஆன் செய்யும்போது ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்கும். காலையில் மேக் பக்கம் போய் வரைவாள், மத்தியானம் விண்டோஸ் பக்கம் வந்து தறிக்கு மாற்றுவாள். அந்தப் புரோகிராமுக்கு ஒரு சாவி உண்டு, பென் டிரைவ் மாதிரி கட்டைவிரல் அளவில் ஒரு பச்சை டாங்கிள். அது செருகியிருந்தால்தான் புரோகிராம் திறக்கும். ஆறு வருஷம் இந்த ஏற்பாடு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஒருநாள் திருத்தணி மலைமேல் ஒரு விடுதியில் பிரின்டருக்குள் சிக்கிய பேப்பரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். கிரிஜாவிடமிருந்து போன் வந்தது.

"மேடம், மெஷின் ரொம்ப ஸ்லோவாப் போவுது. அதே கம்பெனில புதுசு வந்திருக்குதாம், எல்லாரும் நல்லா கீதுன்னு சொல்லிகினு இருக்காங்க. வாங்கலாமா?"

"ஆங், கண்ண மூடிக்கினு வாங்கு" என்றேன். மூன்று விநாடி ஆகியிருக்காது.

புது மெஷினில் சிப் மாறிவிட்டது எனக்குத் தெரியும். வேகம் கூடியிருக்கிறது, சூடாவதில்லை, பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது என்று படித்துமிருந்தேன். ஒரு கம்பெனி தன் சிப்பின் வகையையே மாற்றினால், பழைய சிப்புக்கென்று எழுதிய வேறு சிஸ்டம் அதில் ஏறுமா என்கிற கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் ஏறியது இனியும் ஏறும் என்று இருந்துவிட்டேன். நீ அதில் என்னென்ன ஓட்டுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

பழைய மெஷினை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார்கள். கொடுக்கும்முன் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடச் சொன்னதும் நான்தான். டிசைன்களைப் பென் டிரைவில் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன், அந்த ஒரு புண்ணியத்தை மட்டும் செய்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது வீட்டில் பூஜை முடிகிற நேரம். புது மெஷின் மேசைமேல் மாலையோடு இருந்தது. கிரிஜாவின் மாமியார் தாம்பாளத்தில் மவுஸ், சார்ஜர், டாங்கிள் எல்லாவற்றையும் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் தறியில் ஊடுநூலை ஓட்டுகிற ஒரு புது நாடா வந்தாலும் பொட்டு வைக்காமல் தொட மாட்டார்கள். எவ்வளவு லட்சணமாக இருக்கிறது பார் என்று நானும் சொல்லிவிட்டு, அவர் கொடுத்த காபியைக் குடித்தேன்.

பிறகு மெஷினை ஆன் செய்து பட்டனை அழுத்திப் பிடித்தேன். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அது கேட்கவில்லை. இன்னொரு முறை பிடித்தேன். கேட்கவில்லை. உட்கார்ந்து கம்பெனியின் இணையப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். புது சிப்பில் அந்த ஏற்பாடே கிடையாது என்று தெளிவாகப் போட்டிருந்தான், யார் வேண்டுமானாலும் படிக்கிற இடத்தில். 

"இன்னா மேடம், வரலியா?" என்றாள் கிரிஜா.

"வராது கிரிஜா. சிப்பு மாறிடுச்சு. விண்டோஸ் இதுல பழைய மாதிரி தனியா ஏறாது. உன் புரோகிராமு பழைய சிப்போட பாஷையில எழுதினது."

அவள் திரும்பித் தறிகளைப் பார்த்தாள். அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். ஆடிக் கிருத்திகைக்கு நகரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து திருத்தணிக்குக் காவடி எடுத்துவரும் கூட்டம், நூற்றைம்பது மஞ்சள் சேலை சொல்லியிருந்தது. கரை முழுக்கத் தோகை விரித்த மயில், முந்தியில் வேல். கிரிஜா வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு, அவளை நம்பிக் கொடுத்த முதல் வேலை. ஆறு தறியிலும் மஞ்சள் நூலில் பாவு ஏற்றியாயிற்று. டிசைன் மட்டும் வர வேண்டும். கிருத்திகை யாருக்காகவும் தள்ளிப்போகாது.

மாமனார் உள்ளேயிருந்து வந்தார். தெருவே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான்.

"ஏம்மா, நீங்க சொல்லித்தானே வாங்கனோம்?"

"ஆமாங்க நைனா. தப்பு என்னுது. கிரிஜா சரியாத்தான் கேட்டா, நான்தான் விசாரிக்காம சொல்லிட்டேன்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கம்பெனிக்காரன் மாற்றிவிட்டான், நான் என்ன செய்வது என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. நம் தொழிலில் எத்தனையோ பேர் அப்படிச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் அப்படிச் சொல்லியிருந்தால் பழி நேராகக் கிரிஜா தலையில்தான் போய் இறங்கியிருக்கும். இந்த மெஷின் வேண்டும் என்று வீட்டில் கேட்டவள் அவள். மாமியார் வீட்டில் ஒருமுறை அப்படிப் பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் ஒரு மவுஸ் வாங்கக்கூட வாயைத் திறக்க முடியாது. தப்பு என்னுடையது என்று சொன்ன பிறகுதான் என்னால் வேலையைப் பற்றி யோசிக்க முடிந்தது.

நைனா கத்துகிற ஆள் இல்லை. "முடியலன்னா பழைய கார்டு பெட்டியவே தறிமேல மாட்டிக்கலாம். வெள்ளிக்கிழம காலையில கார்டு அடிக்கிறவருகிட்ட குடுத்தாத்தான் அவரும் நேரத்துக்கு முடிப்பாரு. வியாழக்கிழம சாயங்காலம் எனக்கு ஒரு பேச்சு சொல்லிடணும். முடியும், முடியாது, எதுன்னாலும் பரவால்ல. இழுக்கக் கூடாது" என்றார்.

"கார்டுல தோக முழுசா வராது மாமா" என்றாள் கிரிஜா. "அவ்ளோ கார்டு அடிக்க அவருக்கு நேரம் இல்ல. நாலு இறகோட நிறுத்திடுவாரு. கோழி மாதிரி இருக்கும்."

"கோழியாவது நேரத்துக்குப் போய்ச் சேருமில்ல" என்றார் நைனா. அவள் கண் கலங்கிவிட்டது.

அவர் போனதும் என்னிடம் கேட்டாள். "நான் மணவூர்லேர்ந்து இந்த வீட்டுக்கு வந்தப்ப அத்த பேசற தெலுங்கு ஒண்ணும் புரியல. வீட்டுக்காரருதான் நடுவுல நின்னு சொல்லுவாரு. அந்த மாதிரி இதுக்கு நடுவுல நிக்க ஆளு இல்லியா மேடம்?"

இருந்தது. புது சிப்புக்கென்றே தனியாக ஒரு விண்டோஸ் வந்திருக்கிறது. மேக்குக்குள் பொய்யாக ஒரு மெஷினை உண்டாக்கி அதில் அதை ஓட்டலாம். பழைய சிப்பின் பாஷையில் எழுதிய புரோகிராமை அது அப்போதைக்கப்போது மொழிபெயர்த்து ஓட்டிவிடும். செவ்வாய்க்கிழமை முழுக்க அதை ஏற்றுவதிலேயே போனது. சாயங்காலம் டிசைன் புரோகிராமின் முகப்புப் படம் புது மெஷினில் தெரிந்தது. கிரிஜா கை தட்டிவிட்டாள். அடுத்த விநாடி ஒரு சிவப்புப் பெட்டி வந்தது, சாவியைக் காணவில்லை என்று.

டாங்கிளோடு பேசுவதற்கு டிரைவர் என்று ஒரு சின்னப் புரோகிராம் வேண்டும். அதை ஏற்றப் பார்த்தேன். இந்தச் சிப்புக்கு ஏற்றதல்ல என்று மறுத்துவிட்டது. சாதாரணப் புரோகிராமை மொழிபெயர்த்து ஓட்டலாம். டிரைவர் சிஸ்டத்தின் உள்ளே போய் உட்கார்ந்து வேலை செய்வது, அங்கே மொழிபெயர்ப்புக்கு இடமே இல்லை. கிரிஜாவிடம் இதைச் சொன்னேன்.

"ஆங், புரியுது. அத்தகிட்ட பேசறதுக்கு ஆளு வெச்சிக்கலாம். அவங்க சமையக்கட்டுல நின்னா நாமளேதான் தெலுங்கு பேசியாவணும்" என்றாள். நான் இதுவரை கேட்ட விளக்கங்களிலேயே அதுதான் சரியானது. நீங்கள் வாடிக்கையாளருக்குச் சொல்லும்போது தாராளமாக இதையே சொல்லுங்கள்.

டாங்கிள் கம்பெனிக்குப் போன் போட்டேன். புது டிரைவர் தயாராகிக்கொண்டிருக்கிறது, மூன்று வாரம் ஆகும் என்றார்கள். கிரிஜாவின் வீட்டுக்காரர் பாபு, சாவி இல்லாமலே திறக்கிற கிராக் ஒன்று கிடைக்கிறதாம் என்று போனை நீட்டினார். வேண்டாம் என்றேன். பாபுவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நூத்தம்பது சேலையில எழுபதாவது சேல ஓடும்போது அது நின்னுபோனா நான் யாரப் போய்க் கேக்கறது? காசு குடுத்து வாங்குன புரோகிராம் உங்களுது. அத விட்டுட்டு திருட்டு வழியா உள்ள போவணுமா?" என்றேன். கொஞ்சம் அதட்டலாகத்தான் வந்தது. அவசரத்தில் இருக்கும்போது குறுக்கு வழி ரொம்ப அழகாகத் தெரியும், எனக்கும் தெரிந்தது. அதனால்தான் குரல் உயர்ந்தது.

புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் அந்தச் சிப்போடு மல்லுக்கு நின்றேன். வேறு டிரைவர், வேறு பதிப்பு, லினக்ஸ் கூடப் போட்டுப் பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. அலுத்துப்போய் வாசலில் வந்து நின்றேன். பாபு வண்டியில் ஒரு பாவு உருளையை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?"

"இந்த ஆறு இல்லாம எங்க தறி இன்னொண்ணு ரெண்டாவது தெருவுல சித்தப்பா வூட்ல ஓடுதுங்க. பாவு சுத்துறது அந்தக் கோடி வூடு. சாயம் போடறது வேற வூடு. எல்லாத்தையும் நம்ம வூட்லயே வெச்சிக்க முடியுமா?"

அவர் போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றேன். அந்த ஊரில் ஒரு சேலை நாலு வீடு சுற்றித்தான் சேலையாகிறது. யாரும் எல்லாவற்றையும் ஒரே கூரைக்கடியில் செய்வதில்லை. நான் மட்டும் ஏன் மூன்று நாளாக எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் திணிக்கிறேன்? ஆறு வருஷத்துக்கு முன் இரண்டு சிஸ்டத்தையும் ஒரே மெஷினில் ஏற்றிக் கொடுத்தேன் அல்லவா, அந்தப் பெருமையை விட மனசு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். கிரிஜாவுக்கு வேண்டியது மயில். அது எந்தப் பெட்டியில் ஓடினால் அவளுக்கு என்ன?

நம் கடைப் பரணில் ஒரு ஆபீஸ் கழித்த பழைய பிசி ஒன்று கிடந்தது. பழைய வகைச் சிப். அதில் விண்டோஸும் டிசைன் புரோகிராமும் டாங்கிளும் இருக்கட்டும். மூலையில் எங்காவது உட்கார்ந்து அது ஓடட்டும். கிரிஜா தன் புது மெஷினில் படம் வரைந்து, அதே திரையில் ஒரு ஜன்னலைத் திறந்து, நெட்வொர்க் வழியாக அந்தப் பிசியை உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓட்டலாம். இதில் புதுமை ஒன்றும் கிடையாது. உங்களில் யாராக இருந்தாலும் திங்கட்கிழமையே சொல்லியிருப்பீர்கள், ஏனென்றால் உங்களுக்கு அந்தப் பழைய பெருமை இல்லை.

வியாழக்கிழமை காலை பிசியைத் துடைத்து, எல்லாவற்றையும் ஏற்றி, பழைய போர்வையில் சுற்றி பஸ் ஏறினேன். கூட்டம். மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் பார்த்தார்.

"இன்னாங்க அது மூட்ட?"

"கம்ப்யூட்டரு."

"ரொம்பப் பழசா கீதே. ஓடுமா?"

"ஓடத்தான் போவுது."

"அப்ப லக்கேஜ் டிக்கெட் எடுங்க" என்றார். எடுத்தேன்.

பதினொரு மணிக்குக் கிரிஜாவின் மேசைக்கடியில் பிசி உட்கார்ந்தது. நெட்வொர்க் கொடுத்தேன். டாங்கிளைச் செருகினேன். புரோகிராமைத் திறந்தேன். முகப்புப் படம் வந்தது, அதன் பின்னாலேயே அதே சிவப்புப் பெட்டியும் வந்தது. சாவியைக் காணவில்லை.

அது எப்படி? இது பழைய சிப். இதில் டிரைவர் மறுக்கவில்லை, சமர்த்தாக ஏறிக்கொண்டது. டிரைவர் பதிப்பு தப்போ என்று மாற்றினேன். விண்டோஸ் தப்போ என்று அதையும் மறுபடி ஏற்றினேன். மணி மூன்றாகிவிட்டது. கார்டு அடிக்கிறவரே நேரில் வந்து நைனாவோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர், எனக்கு வணக்கம் வேறு சொன்னார். கிரிஜா சாப்பிடவே இல்லை.

நைனா எழுந்து வந்தார். "மேடம், இன்னா பேச்சு?"

முடியும் என்று சொல்ல வாய் துடித்தது. பெயர் வாங்கிய வாய் அது. ஆனால் முடியும் என்று சொல்லி, முடியாமல் போய், கார்டுக்காரரும் கைவிட்டுப் போனால் கோழிகூட மிஞ்சாது. முடியாது என்று சொல்லவும் மனசு வரவில்லை.

"அஞ்சு மணி வரைக்கும் குடுங்க நைனா. முடியலன்னா நானே டிசைனத் தூக்கிகினு இவரு வூட்டுக்கு வரேன். கூட உக்காந்து நாலு இறகு எதுன்னு கிரிஜாவ விட்டே எடுக்க வெக்கறேன்."

அவர் தலையாட்டினார். கார்டுக்காரர், "நான் இருக்கறேம்மா, பொறுமையா பாருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். எதையும் தொடக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டேன். கடையில் முதல் நாள் உங்களுக்கு நான் என்ன சொல்லிக் கொடுத்திருப்பேன்? ஒயர் போட்டிருக்கிறதா பார், விளக்கு எரிகிறதா பார், அப்புறம் மற்றது. சேர்ந்த எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், சொல்லாமல் விட்டதே இல்லை. மேசைக்கடியில் குனிந்தேன். டாங்கிளின் முனையில் சின்னதாக ஒரு விளக்கு இருக்கும். செருகியதும் சிவப்பாக எரிய வேண்டும்.

எரியவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அது எரிகிறதா என்று நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

பிடுங்கினேன். வாயில் வைத்து ஊதப் போனேன், மூக்கில் சந்தன வாசம் அடித்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் அந்த உலோக வாய்க்குள் சந்தனம் இறங்கி, காய்ந்து, பொருக்குத் தட்டிப் போயிருந்தது. தாம்பாளத்தில் மாமியார் வைத்த பொட்டு. நான் பக்கத்தில் நின்று லட்சணமாக இருக்கிறது என்று பாராட்டிய அதே பொட்டு.

"கிரிஜா, ஒரு பழைய டூத் பிரஷ் குடு."

"எதுக்கு மேடம்?"

"சாமிக்குப் பல்லு வெளக்கணும்."

ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேய்த்தேன். மாமியார் பக்கத்தில் வந்து நின்று, "நான் வெச்ச பொட்டாலயா?" என்று கேட்டார். முகம் செத்துப்போயிருந்தது.

"இல்லம்மா. நான் பாக்காம விட்டதால" என்றேன். அதுதான் உண்மையும். புது சிப் டிரைவரை மறுத்தது நிஜமான கோளாறு. அது தனி. சந்தனம் தனி. முதல் கோளாறு அவ்வளவு பெரிதாக, அவ்வளவு புதிதாக இருந்ததால், அதற்கப்புறம் நடந்த எல்லாவற்றுக்கும் பழியை அதன் தலையிலேயே கட்டிவிட்டேன். ஒரு மெஷினுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வியாதி வரும் என்பது அத்தனை வருஷ அனுபவத்துக்கு மறந்துபோயிருந்தது.

காய வைத்துச் செருகினேன். மேசைக்கடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கிரிஜாவையே திறக்கச் சொன்னேன். முகப்புப் படம் வந்தது. சிவப்புப் பெட்டி வரவில்லை. புது மெஷினின் அந்தப் பெரிய திரையில், மூலையில் கிடக்கிற பழைய பிசிக்குள்ளிருந்து, அவளுடைய மயில் தோகையை விரித்துக்கொண்டு வந்து நின்றது. கிரிஜா நாற்காலியை விட்டு எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

நாலே காலுக்குப் பென் டிரைவைப் பாபு கையில் கொடுத்தோம். முதல் தறி ஓட ஆரம்பித்தது. எல்லாரும் சுற்றி நின்றோம், கார்டுக்காரர் உட்பட. கால் தெரிந்தது, உடம்பு தெரிந்தது, அப்புறம் இறகு இறகாகத் தோகை ஏறியது. நைனா குனிந்து, கரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"தோக முழுசா வந்திருக்குது" என்றார். பிறகு மருமகளைப் பார்த்து, "கோழின்னு சொன்னது தப்பும்மா" என்றார். அந்த வீட்டில் அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லையாம், பாபு அப்புறம் சொன்னார். கார்டுக்காரர் மட்டும் ஒரு இறகை எண்ணிப் பார்த்துவிட்டு, "இத அட்டையில அடிக்கணும்னா எனக்கு அடுத்த கிருத்திக ஆயிருக்கும்" என்று சிரித்தார்.

ஆடிக் கிருத்திகையன்று கடையைச் சாத்திவிட்டு மலைப்படிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். காலையிலிருந்து எத்தனையோ கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு ஏறியது. பத்து மணி வாக்கில் அவர்கள் வந்தார்கள். முன்னால் ஆண்கள் காவடியோடு, பின்னால் பெண்கள் மஞ்சள் சேலையில். வெயிலில் ஒவ்வொரு கரையிலும் மயில், ஒன்றுகூடக் கோழி இல்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி, "யாரு நெஞ்சதோ, எவ்ளோ நல்லா கீது" என்று சொன்னாள். பொதட்டூர்பேட்டை கிரிஜா டிசைன் என்று நான் சத்தமாகவே சொன்னேன். அவள் கேட்காத விவரத்தையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். மேசைக்கடியில் இருக்கிற பிசியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது அவள் நகர்ந்து போய்விட்டாள்.

அந்தப் பிசி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயுத பூஜைக்கு அதற்கும் மாலை உண்டு. டாங்கிளுக்கும் பொட்டு உண்டு, ஆனால் மாமியார் முதலில் அதன் வாய்க்கு பிளாஸ்திரி ஒட்டிவிட்டுத்தான் சந்தனத்தைத் தொடுகிறார். பூஜை முடிந்து பிளாஸ்திரியைப் பிரித்ததும், செருகி விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதும் அவர்தான்.

போன வாரம் கிரிஜா போன் செய்தாள். டாங்கிள் கம்பெனி புது டிரைவர் எப்போதோ கொடுத்துவிட்டது, அதெல்லாம் பழைய கதை. இப்போது மேக்கில் இன்னும் புதுசு வந்திருக்கிறது என்றாள். எனக்குப் பழைய ஞாபகம் வந்து, அவசரமாகக் குறுக்கிட்டேன்.

"இரு இரு. மொதல்ல நீ அதுல இன்னா இன்னா ஓட்டப் போறேன்னு சொல்லு."

"எல்லாம் எழுதி வெச்சி ஒவ்வொண்ணா கேட்டுட்டேன் மேடம். படம் வரையறது ஓடும். டிசைன் புரோகிராமு ஓடும். சாவிக்கு டிரைவரு இருக்குது. தறிக்குப் பென் டிரைவு போதும். ஓட்டிப் பாத்துட்டுத்தான் எடுத்தோம். பழசு அலமாரியில கீது, எக்ஸ்சேஞ்சுல குடுக்கல."

"வாங்கியே ஆச்சா? அப்புறம் எதுக்குடி எனக்குப் போன் பண்ண?"

"நாளைக்குப் பூஜ மேடம். வந்து காபி சாப்ட்டுப் போங்க. நீங்க எதையும் தொட வேணாம்."